ஐம்பத்தைந்துக்குக் கீழே

தை மாதம் ஏசி மெக்கானிக்குக்குப் பஞ்சகாலம்.
வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைப் பின்சந்தில்
பன்னிரண்டு யூனிட்டில் ஒன்றுதான் ஓடுகிறது,
அதன் அடியில் குந்தியிருந்தேன்.
எனக்குப் பகல் ஒன்றரை. எமிமாளுக்குக் காலை எட்டு.
நைட் டூட்டி முடிந்து, கோட்டைக் கழற்றாமல்,
அடுக்களைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டியைப்
போனில் காட்டினாள்.

"வீட்டுக்குள்ளயே வாயில புகை வருது, பாருங்க."
ஊதிக் காட்டினாள்.
பாயிலர் மூன்று தடவை முக்கியது,
சளிக்கட்டிய நெஞ்சுபோல் களகளவென்றது,
பிறகு சிவப்பு விளக்கு.

இருபத்திரண்டு வருசமாய்
பிறத்தியார் வீட்டுச் சூட்டை அள்ளித்
தெருவில் கொட்டுகிற ஆள் நான்.
சூட்டை உள்ளே கட்டிவைக்கிற பெட்டியை
அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
ஆனாலும் மெக்கானிக் வாய் சும்மா கிடக்காது.
"பம்பு போச்சு."
"பம்பு ஓடுத சத்தம் கேக்கலியா உங்களுக்கு?"
"அப்பம் பிரஷர்."
"முள்ளு ஒண்ணேகால்ல நிக்கி."
"அப்பம்..."

சுவரில் நீட்டியிருந்த டிரெயின் குழாயிலிருந்து
ஒரு சொட்டு என் பிடரியில் விழுந்தது.

"ஏளா, அது தண்ணி கக்குமா?"
"கக்கும். வெள்ளைக் குழாய் ஒண்ணு வெளிய போவுது."
"வெளிய எத்தனை டிகிரி?"
"மைனஸ் ஏழு."
ரெண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

கெட்டிலோடு இறங்கிப் போனாள்.
"கொதிக்க ஊத்தாத, குழாய் விட்டுப்போவும்."
"காய்ச்சக்காரங்களத் துடைக்கிற சூடு போதும்,
அது எனக்குத் தெரியும்."
பனியில் சாத்தி வைத்த போனில்
அவள் பூட்ஸ் மட்டும் தெரிந்தது, கொஞ்ச நேரம்.
மெழுகுதிரி நீளத்துக்கு ஒரு ஐஸ்
வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.
உள்ளே பெட்டி, ஒன்றும் நடக்காததுபோல, பற்றிக்கொண்டது.

அதோடு விட்டிருக்கலாம்.
கேஸ் பில் விடவில்லை.
கையேட்டை ரெண்டு டீ பிரேக்கில் படித்து முடித்துச் சொன்னாள்:
புகைக்குள் ஆவி இருக்கிறது,
ஆவிக்குள் இன்னொரு சூடு ஒளிந்திருக்கிறது,
வீட்டைச் சுற்றித் திரும்பி வருகிற தண்ணீர்
ஐம்பத்தைந்துக்குக் கீழே வந்தால்தான்
ஆவி குளிர்ந்து அதைக் கொடுத்துவிட்டுப் போகும்.
இல்லாவிட்டால் சூடெல்லாம் கூரைக்கு மேலே.
"எழுவத்தஞ்சுல வச்சிருக்கான் மடையன்,
முன்னாடி குடியிருந்தவன்."

நாளுக்கு ஐந்தாகக் குறைத்தாள்.
எழுபது. அறுபத்தைந்து.
படுக்கையறை மட்டும் அடுப்பாய்க் காய,
அந்த ரேடியேட்டரின் அடிவால்வைக் கால் திருகு மூடினாள்.
கை வைத்துப் பார்த்தாள். இன்னொரு கால் திருகு.
ஐம்பத்தைந்தில் போய் நாற்பத்தாறில் வந்தது தண்ணீர்.
வெளிக்குழாய் நிற்காமல் சொட்டுவதைப்
பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினாள்.

ஹால் மட்டும் ஆறவில்லை, அதாவது, ஆறியே கிடந்தது.
தெர்மோஸ்டாட் இருபத்தொன்று என்கிறது,
அவளோ சால்வைக்குள் நடுங்குகிறாள்.
"போனைக் கீழே இறக்கு" என்றேன்.
அதற்கு நேர் கீழே ஃபிரிட்ஜ்.
முதுகால் சூட்டைக் கக்கிக்கொண்டு, என் தொழில்காரன்!
அந்த ஒன்றை நான்தான் கண்டுபிடித்தேன்.
இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு ஒரே குறை. ஹால் ரேடியேட்டரின் மேல்பாதி பச்சைத் தண்ணி.
காற்று நிற்கிறது, திறக்கச் சாவி வேண்டும்,
சதுர வாய், ஐந்து மில்லி.
பேட்டை லேத்தில் பித்தளைத் துண்டு வாங்கி
மூன்று ராத்திரி அரம் போட்டுச் செய்தேன்.
கூரியர்காரன் இரண்டாயிரத்து நானூறு என்றான்.
அதற்குள் அவள் முக்கில் ஒரு கடையில்
தேயிலைப் பொட்டலத்தோடு சேர்த்து வாங்கிவிட்டாள்,
காற்றைப் பிடுங்கியும் விட்டாள்.
"உஸ்ஸுன்னு போச்சு, கேட்டிருக்கணும் நீங்க."

பைக் சாவியோடு கோத்திருக்கிறேன் அதை.
சமாதானபுரம் சிக்னலில் நிற்கும்போது
வெயிலில் காய்ந்து தொடையைச் சுடுகிறது.
இந்த ஊரில் அது திறக்க ஒன்றுமில்லை.